பொறுப்பின் அளவுகோல்கள்: விசாரணை அறிக்கைகளின் வழி இஸ்ரேல் – பாலஸ்தீனச் சிக்கலும் சமாதான வாய்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனியருக்கும் இடையிலான நூற்றாண்டுப் பகையில் ‘யார் பொறுப்பு?’ என்னும் வினா பலமுறை முறையான விசாரணைக்கு உட்படுத்தப்பட்டுள்ளது. 1930ஆம் ஆண்டின் ஷா ஆணையம், 1983ஆம் ஆண்டின் கஹான் ஆணையம், 2001ஆம் ஆண்டின் மிட்செல் குழு ஆகிய மூன்றின் அறிக்கைகளையும், 2001 ஜனவரியில் தாபா நகரில் அகதிகள் குறித்து எழுதப்பட்ட இரு வரைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வன்செயலைச் செய்தவரின் குற்றத்தையும், அச்செயலுக்கு இடந்தந்த நிலையை மாற்ற வேண்டியவரின் கடமையையும் இவ்வறிக்கைகள் வேறுபடுத்தின. இவ்வேறுபாட்டை ஏற்காமல் ஒவ்வொரு தரப்பும் அறிக்கையின் ஒரு பாதியை மட்டும் படித்தமையே, விசாரணைகள் சமாதானத்துக்கு உதவாமற் போனதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பாலஸ்தீனம், இஸ்ரேல், விசாரணை ஆணையம், மறைமுகப் பொறுப்பு, அகதிகள், தாபா, சமாதானப் பேச்சு.

முன்னுரை

இஸ்ரேல் – பாலஸ்தீனச் சிக்கலின் வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது என்பது வெறும் காலவரையறை பற்றிய வினா அன்று. தொடக்க ஆண்டு மாறும்போது குற்றவாளியும் மாறிவிடுகிறார். 1917இல் தொடங்கினால் பிரித்தானியப் பேரரசு முன்னிற்கும். 1929இல் தொடங்கினால் ஹெப்ரான் நகரில் யூதர்களைக் கொன்ற கும்பல். 1947இல் தொடங்கினால் பிரிவினைத் திட்டத்தை மறுத்த அரபுத் தலைவர்கள். 1948இல் தொடங்கினால் வெளியேறிய மக்களைத் திரும்பிவர விடாது தடுத்த புதிய அரசு. 1967இல் தொடங்கினால் ஆக்கிரமிப்பு. 2023 அக்டோபர் 7இல் தொடங்கினால் ஹமாஸ். அதன் மறுநாளிலிருந்து தொடங்கினால் காசாவை இடிபாடாக்கிய படை. இத்தொடக்கங்களுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய ஆண்டைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

தமிழ்ச் சொல்வழக்கு இங்கு ஒரு தெளிவைத் தருகிறது. பழியைப் பிறர்மேல் சுமத்துகிறோம், பொறுப்பை ஏற்கிறோம். ‘பொறுப்பு’ என்பது தாங்குதலைக் குறிக்கும் ‘பொறு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். செய்த செயலுக்கு மட்டுமன்றி, இனிச் செய்ய வேண்டிய கடமைக்கும் அச்சொல் பொருந்தும். இச்சிக்கலைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் பழியே பொறுப்பு என்னும் பெயரில் பேசப்படுகிறது. இக்கட்டுரையில் செயலின் பழியைக் ‘குற்றம்’ என்றும், நிலைமையைத் திருத்தும் கடமையைப் ‘பொறுப்பு’ என்றும் கொள்வோம்.

விசாரணை அறிக்கைகளை மூலங்களாகத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அவை சாட்சியங்களைக் கேட்டு, எதிர்வாதங்களை எடைபோட்டு, கையொப்பமிட்டு வெளியிடப்பட்டவை. ஒன்று குடியேற்ற ஆட்சி அமைத்தது. மற்றொன்று ஓர் அரசு தன்னைத்தானே விசாரித்துக்கொள்ள அமைத்தது. மூன்றாவது பன்னாட்டுக் குழு. இவற்றின் சார்புகளும் குறைகளும் வெவ்வேறானவை. அதனாலேயே மூன்றும் ஒத்துச் சொல்லும் செய்தி கவனத்துக்குரியதாகிறது.

1929: உடனடிக் காரணமும் அடிப்படைக் காரணமும்

1917 நவம்பர் 2 அன்று வெளியான பால்ஃபர் பிரகடனம், பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவு தந்தது. அங்கு அப்போது வாழ்ந்த பெரும்பான்மை மக்களை அது ‘யூதர் அல்லாத சமூகங்கள்’ என்றே குறித்தது. அவர்களுடைய குடியியல், சமய உரிமைகள் பேசப்பட்டன. அரசியல் உரிமை பேசப்படவில்லை. 1922ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வாழ்ந்தோர் சுமார் 7 லட்சத்து 57 ஆயிரம் பேர். அவர்களுள் யூதர் சுமார் 84 ஆயிரம், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. 1931இல் யூதர் தொகை 1 லட்சத்து 74 ஆயிரத்தைக் கடந்து, மொத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காயிற்று. ஐரோப்பாவின் யூத வெறுப்புக்குத் தப்பி வந்த மனிதருக்கு இது அடைக்கலம். பத்தாண்டுகளுக்குள் தம் ஊரின் முகம் மாறுவதைக் கண்ட அரபு உழவருக்கு இது அச்சம்.

1928 செப்டம்பரில் எருசலேமின் மேற்குச் சுவரருகே, யூதரின் நோன்பு நாள் வழிபாட்டின்போது ஆண்களையும் பெண்களையும் பிரிக்க வைக்கப்பட்ட ஒரு தடுப்புத் திரையிலிருந்து தகராறு தொடங்கியது. 1929 ஆகஸ்ட் 15 அன்று அங்கு யூத இளைஞர்கள் ஊர்வலம் நடத்தினர். மறுநாள் முஸ்லிம்கள் எதிர் ஊர்வலம் நடத்தினர். ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை, எருசலேமில் தாக்குதல்கள் மூண்டன. மறுநாள் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொல்லப்பட்டனர். தலைமுறைகளாக அந்நகரில் வாழ்ந்த பழைய யூதச் சமூகத்தினரும் அவர்களுள் இருந்தனர். அதே நகரில் அரபுக் குடும்பங்கள் தம் யூத அண்டை வீட்டாரை ஒளித்துக் காத்த செய்தியும் பதிவாகியுள்ளது. அந்த ஒரு வாரக் கலவரத்தில் நாடு முழுவதும் 133 யூதர்களும் 116 அரபியரும் மாண்டனர். அரபியரில் பெரும்பாலோர் பிரித்தானியக் காவலராலும் படையினராலும் சுடப்பட்டவர்கள்.

இதனை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையத்தின் தலைவர் சர் வால்டர் ஷா. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர். பேரரசு தன் நீதிபதிகளை ஒரு குடியேற்றத்திலிருந்து மற்றொன்றின் சிக்கலுக்கு அனுப்பும் வழக்கத்துக்கு அவர் நியமனம் ஓர் எடுத்துக்காட்டு. 1930 மார்ச்சில் வெளியான அறிக்கை இரண்டு தளங்களில் விடையளித்தது. முதல் தளத்தில், கலவரம் தொடக்கத்திலிருந்தே அரபியர் யூதர்மீது நடத்திய தாக்குதல் என்றும், அது முன்கூட்டியே திட்டமிடப்பட்டதன்று என்றும் கூறியது. இரண்டாம் தளத்தில், தம் அரசியல் விருப்பங்கள் நிறைவேறாமையாலும் பொருளாதார எதிர்காலம் குறித்த அச்சத்தாலும் அரபியரிடம் வளர்ந்த பகையுணர்வே அடிப்படைக் காரணம் என்றது. ஆணைய உறுப்பினருள் ஒருவரான ஹென்றி ஸ்னெல் இதில் முழுதும் உடன்படவில்லை. அரபுத் தலைவர்களுக்கு, குறிப்பாக முஃப்தி ஹாஜ் அமீன் அல் ஹுசைனிக்கு, கூடுதல் பொறுப்பு உண்டு எனத் தனிக் குறிப்பு எழுதினார்.

அறிக்கையின் முதல் தளத்தை யூதத் தலைமை ஏற்றது. இரண்டாம் தளத்தை, கொலைக்குச் சமாதானம் சொல்வதாகக் கண்டித்தது. அரபுத் தலைமை இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. அடிப்படைக் காரணம் சொல்லப்பட்டதை வெற்றியாகக் கொண்டாடியவர்கள் ஹெப்ரானைப் பற்றிப் பேசவில்லை. தீர்வு என்ன ஆயிற்று என்பது இன்னும் துயரமானது. ஷா ஆணையம் நிலம், குடியேற்றம் ஆகிய இரண்டிலும் தெளிவான கொள்கை வேண்டும் என்றது. அதன்படி ஹோப் சிம்ப்சன் ஆய்வும், 1930 அக்டோபரில் பாஸ்ஃபீல்ட் வெள்ளை அறிக்கையும் வந்தன. 1931 பிப்ரவரி 13 அன்று பிரதமர் ராம்சே மக்டொனால்ட், யூதத் தலைவர் ஹயீம் வைஸ்மனுக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக அக்கொள்கை நடைமுறையில் கைவிடப்பட்டது. அரபியர் அதனைக் ‘கறுப்புக் கடிதம்’ என்றழைத்தனர். ஆறாண்டுகளுக்குள் அரபு எழுச்சி வெடித்தது. அடிப்படைக் காரணத்தை அறிந்தும் திருத்தாமல் விட்ட ஆட்சியின் பொறுப்பு, ஹெப்ரானில் கத்தியெடுத்தவனின் குற்றத்தைக் குறைப்பதில்லை. அக்குற்றம் ஆட்சியின் பொறுப்பைத் தள்ளுபடி செய்வதுமில்லை. இவ்வளவு எளிய செய்தியை ஏற்பது எவ்வளவு கடினமாயிற்று என்பதே பின்வரும் எழுபது ஆண்டுகளின் வரலாறு.

ஆணையம் காணாத ஆண்டு: 1948

1937இல் பீல் ஆணையம் நாட்டைப் பிரிக்க முதன்முதலாகப் பரிந்துரைத்தது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு என ஒப்புக்கொண்ட அவ்வாணையமே, அமையவிருந்த யூத அரசின் எல்லைக்குள் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் அரபியரும், அரபு அரசின் எல்லைக்குள் சுமார் 1,250 யூதரும் இருப்பர் எனக் கணக்கிட்டு, மக்கள் பரிமாற்றம் பற்றியும் பேசியது. இவ்விரு எண்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ‘பரிமாற்றம்’ என்னும் சொல் எதை மறைத்தது என்பது விளங்கும். 1947 நவம்பர் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 181ஆம் தீர்மானத்தை 33க்கு 13 என்னும் வாக்கில் நிறைவேற்றியது. 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. பிரிவினைக்கு மாற்றாகக் கூட்டாட்சியை முன்வைத்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

அதைத் தொடர்ந்த போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் அகதிகளாயினர். 1948 ஏப்ரல் 9 அன்று தேர் யாசீன் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நான்கு நாள் கழித்து ஹதாசா மருத்துவமனைக்குச் சென்ற வாகன அணி தாக்கப்பட்டு 78 பேர் மாண்டனர். மே 15 அன்று அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. ஐ.நா.வின் நடுவர் கவுண்ட் பெர்னடோட் அகதிகளின் திரும்பும் உரிமையை வலியுறுத்தி அறிக்கை எழுதிய மறுநாள், செப்டம்பர் 17 அன்று, எருசலேமில் லெஹி என்னும் யூதத் தீவிரவாத அமைப்பினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 11இன் 194ஆம் தீர்மானம் அவருடைய பரிந்துரையிலிருந்து எழுந்தது. அதன்படி எவரும் தம் வீட்டுக்குத் திரும்பவில்லை.

இவ்வளவு பெரிய நிகழ்வுக்கு இரு தரப்பும் ஏற்ற விசாரணை ஆணையம் எதுவும் அமையவில்லை. அகதிகள் தம் தலைவர்களின் அழைப்பைக் கேட்டுத் தாமே வெளியேறினர் என்பது இஸ்ரேலில் நெடுங்காலம் பாடநூற் செய்தியாக இருந்தது. வலீத் காலிதி போன்ற பாலஸ்தீன அறிஞர்கள் அதனை 1950களின் இறுதியிலேயே மறுத்தனர், உலகம் செவிமடுக்கவில்லை. 1980களில் இஸ்ரேலிய ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்ட பின்னர், பென்னி மாரிஸ் முதலான ‘புதிய வரலாற்றாசிரியர்கள்’ படையினரின் வெளியேற்ற ஆணைகள், தாக்குதலுக்கு அஞ்சிய ஓட்டம், சில ஊர்களில் அரபுத் தலைவர்களின் சொல் ஆகியன இடத்துக்கிடம் வெவ்வேறு அளவில் கலந்திருந்தமையைக் காட்டினர். பாதிக்கப்பட்டோரின் சாட்சியம் முப்பதாண்டுகள் காத்திருக்க, எதிர்த்தரப்பின் ஆவணம் வந்ததும் அது வரலாறாயிற்று என்பதை ஆய்வாளர் என்ற முறையில் நாம் கவனிக்க வேண்டும். அரபு நாடுகளிலிருந்து அடுத்த இருபதாண்டுகளில் வேரறுந்து வெளியேறிய லட்சக்கணக்கான யூதரின் கதைக்கும் இன்றுவரை முறையான விசாரணை இல்லை.

1983: மறைமுகப் பொறுப்பு

மூன்று அறிக்கைகளுள் கருத்துவளம் மிக்கது கஹான் ஆணையத்தினுடையது. 1982 செப்டம்பர் 14 அன்று லெபனானில், அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பஷீர் ஜெமாயெல் கொல்லப்பட்டார். இஸ்ரேலியப் படை மேற்கு பெய்ரூட்டினுள் நுழைந்தது. செப்டம்பர் 16 மாலை, அப்படையின் இசைவோடு ஃபலாஞ்சு கிறித்தவப் படையினர் சப்ரா, ஷத்தீலா ஆகிய பாலஸ்தீன அகதிக் குடியிருப்புகளுக்குள் அனுப்பப்பட்டனர். 18ஆம் நாள் காலைவரை படுகொலை தொடர்ந்தது. இரவில் இஸ்ரேலியப் படை வானில் ஒளிக்குண்டுகளை ஏவியது. இறந்தோர் 700 முதல் 800 வரை என்று இஸ்ரேலிய உளவுத்துறை மதிப்பிட்டது; வேறு மதிப்பீடுகள் இதைவிட மிக அதிகம்.

பெகின் அரசு தொடக்கத்தில் விசாரணைக்கு உடன்படவில்லை. செப்டம்பர் 25 அன்று டெல் அவிவ் நகரில் இஸ்ரேலிய மக்கள் பெருந்திரளாகக் கூடினர். 4 லட்சம் பேர் என்று சொல்லப்படுகிறது. மூன்று நாளில் உச்சநீதிமன்றத் தலைவர் இட்ஸ்ஹாக் கஹான் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. தம் நாடு எதிரியாகக் கருதிய மக்களின் சாவுக்காகத் தம் அரசை விசாரிக்கும்படி ஒரு சமூகம் கேட்டது என்பதைச் சிறிதாக மதிப்பிடலாகாது.

1983 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, கொலை செய்த ஃபலாஞ்சு படையினரின் நேரடிப் பொறுப்பையும் இஸ்ரேலின் மறைமுகப் பொறுப்பையும் பிரித்தது. பழிவாங்கும் வெறியோடிருந்த படையைப் பாதுகாப்பற்ற மக்களிடம் அனுப்பினால் என்ன நேரும் என்பதை முன்னுணர்ந்திருக்க வேண்டியவர்களும், நேர்வதை அறிந்த பின் தடுக்கத் தவறியவர்களும் பொறுப்பாளிகள் என்பது அதன் தருக்கம். இதற்கு ஆணையம் காட்டிய முன்மாதிரி, உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் சடங்கு: வயலில் கொலையுண்ட ஒருவரின் உடல் கிடந்து, கொன்றவர் யாரென அறியப்படாவிடில், அருகிலுள்ள ஊரின் பெரியோர் கைகளைக் கழுவி, தம் கைகள் அக்குருதியைச் சிந்தவில்லை என அறிக்கையிட வேண்டும். ஊர்ப் பெரியோர் கொலை செய்தார்கள் என எவரும் கருதார்; ஆயினும் அவர்கள் விடை சொல்ல வேண்டியவர்கள். ஐரோப்பாவில் யூதர்கள்மீது கும்பல்கள் பாய்ந்தபோது, நேரில் கொல்லாத ஆட்சியாளரையும் யூதர்கள் பொறுப்பாளிகளாகவே கருதினர் என்பதையும் ஆணையம் நினைவூட்டியது. தம் இனத்தின் துயர நினைவைத் தம் அரசை அளக்கும் கோலாகப் பயன்படுத்திய இப்பகுதி, இச்சிக்கல் பற்றிய ஆவணங்களில் அரிதான ஒன்று என்பது என் மதிப்பீடு.

பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோன் அப்பதவியிலிருந்து விலக வேண்டும் என ஆணையம் பரிந்துரைத்தது. பரிந்துரையை ஏற்கக்கோரி பிப்ரவரி 10 அன்று எருசலேமில் நடந்த ஊர்வலத்தின்மீது இஸ்ரேலியர் ஒருவர் கையெறிகுண்டு வீச, எமில் குருன்ஸ்வைக் என்னும் சமாதான ஆர்வலர் உயிரிழந்தார். ஷரோன் பாதுகாப்புத் துறையை விட்டார், துறையில்லாத அமைச்சராக நீடித்தார், 2001இல் பிரதமரானார். கொலைகளை நேரில் செய்தவர்களுள் எவரும் லெபனானில் தண்டிக்கப்படவில்லை. 1991இன் பொதுமன்னிப்புச் சட்டத்துக்குப் பின் அப்படையின் தலைவர்களுள் ஒருவரான எலி ஹொபெய்கா அமைச்சராகவும் இருந்தார். மறைமுகப் பொறுப்புக்கு ஓர் ஆணையமாவது கிடைத்தது. நேரடிக் குற்றத்துக்கு அதுவும் இல்லை. பாலஸ்தீன விடுதலை இயக்கமும் பிற அமைப்புகளும் பொதுமக்களுக்கெதிராகத் தாம் நடத்திய தாக்குதல்களை விசாரிக்க இத்தகைய ஆணையம் ஒன்றையும் அமைத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2000–2001: பழி ஒரு கருவியானபோது

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடக்கலாம். 1967இல் கைப்பற்றிய பகுதிகளில் குடிமக்களைக் குடியமர்த்துவது நான்காம் ஜெனீவா உடன்படிக்கைக்கு முரணானது என அவ்வாண்டு செப்டம்பரிலேயே இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் தம் அரசுக்கு எழுதிக் கொடுத்தார். 1993 செப்டம்பர் 9 அன்று பரிமாறப்பட்ட ஒஸ்லோ கடிதங்களில், இஸ்ரேல் சமாதானத்தோடும் பாதுகாப்போடும் வாழும் உரிமையை அரஃபாத் ஏற்றார். விடுதலை இயக்கம் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்பதை மட்டுமே ரபின் ஏற்றார். ஒரு பக்கத்தில் ஓர் அரசின் உரிமை, மறுபக்கத்தில் ஓர் அமைப்பின் தகுதி: கடிதங்கள் சமமாகத் தோன்றினாலும் உள்ளடக்கம் சமமன்று. எருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை ஆகியன பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டன. அந்த இடைவெளியில் 1994 பிப்ரவரியில் ஹெப்ரான் பள்ளிவாசலில் பாரூக் கோல்ட்ஸ்டைன் 29 பேரைச் சுட்டுக் கொன்றான். ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்கள் பேருந்துகளை எரித்தன. 1995 நவம்பர் 4 அன்று ரபின் ஒரு யூதத் தீவிரவாதியால் கொல்லப்பட்டார். எருசலேம் நீங்கலான மேற்குக் கரையில் 1993இல் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரமாக இருந்த குடியேறிகள் 2000இல் 1 லட்சத்து 90 ஆயிரத்தை எட்டினர்.

2000 ஜூலை 11 முதல் 25 வரை கேம்ப் டேவிட்டில் நடந்த உச்சி மாநாடு தோல்வியுற்றது. இஸ்ரேலின் முன்மொழிவுகள் பெரும்பாலும் வாய்மொழியாக, அமெரிக்கரின் வழியே சொல்லப்பட்டவை. மாநாடு தோற்றாலும் அரஃபாத்தைக் குறைகூறுவதில்லை என உறுதியளித்திருந்த கிளின்டன், முடிந்தவுடன் பராக்கின் துணிவைப் புகழ்ந்து பேசினார். பேசுவதற்கு எதிரில் ஆளில்லை என்னும் கருத்தைப் பராக் பரப்பினார். அதே அமெரிக்கக் குழுவிலிருந்த ராபர்ட் மாலி, ஹுசைன் ஆகாவுடன் சேர்ந்து 2001 ஆகஸ்டில் எழுதிய கட்டுரையில், மூவரின் தவறுகளும் சேர்ந்தே மாநாட்டைக் கவிழ்த்தன என்றார். குழுவின் தலைவர் டென்னிஸ் ராஸ் அரஃபாத்தின் மீதே பெரும்பழி என்றார். மாற்றுத் திட்டம் எதனையும் அரஃபாத் முன்வைக்காதது பெருங்குறை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் தோல்வியின் பழி முழுவதும் ஒருவர்மேல் விழுந்தவுடன் அது வரலாற்று முடிவாக நிற்கவில்லை. பேச்சை நிறுத்தும் கொள்கையாக மாறிற்று. இஸ்ரேலியச் சமாதான இயக்கம் அந்த ஒரு வாக்கியத்தால் அடைந்த சேதத்திலிருந்து இன்றளவும் மீளவில்லை.

செப்டம்பர் 28 அன்று ஷரோன் ஹரம் அல் ஷரீஃப் வளாகத்துக்குச் சென்றார்; இரண்டாம் இண்டிஃபாதா தொடங்கியது. அதனை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் ஜார்ஜ் மிட்செல், சுலைமான் டெமிரல், தோர்பியோன் யாக்லாண்ட், வாரன் ரட்மன், ஹவியர் சொலானா ஆகியோர் இருந்தனர். 2001 ஏப்ரல் 30 என நாளிட்ட அறிக்கை, ஷரோனின் வருகை எழுச்சிக்குக் காரணமன்று, ஆயினும் அதன் விளைவை முன்னுணர்ந்திருக்க வேண்டும் என்றது. வன்முறையைத் தொடங்கப் பாலஸ்தீன நிர்வாகம் திட்டமிட்டதற்கோ, கொல்லும் ஆற்றலோடு எதிர்கொள்ள இஸ்ரேலிய அரசு முன்பே திட்டமிட்டதற்கோ ஆதாரமில்லை என்றது. பாலஸ்தீன நிர்வாகம் தாக்குதல்களைத் தடுக்க முழு முயற்சி எடுக்க வேண்டும்; இஸ்ரேல் குடியேற்றப் பணிகளை, ‘இயற்கை வளர்ச்சி’ என்பது உட்பட, முழுதும் நிறுத்த வேண்டும் என்பன பரிந்துரைகள்.

பழைய கதையே மீண்டும் நிகழ்ந்தது. ஏழு நாள் முழு அமைதி நிலவினால்தான் அடுத்த படி என்றார் ஷரோன். அமைதியைக் குலைக்க ஒரு தீவிரவாதியே போதும் என்பதால், சமாதானத்தை விரும்பாதவரின் கையில் மறுப்புரிமை சென்று சேர்ந்தது. வட அயர்லாந்தில் இதே மிட்செல் 1996இல் வேறு வழி காட்டியிருந்தார்: ஆயுத ஒப்படைப்பும் பேச்சும் ஒருங்கே நடக்கட்டும் என்றார், 1998இல் உடன்படிக்கை வந்தது. 1972இன் ‘குருதி ஞாயிறு’ பற்றிய சாவில் விசாரணை அதே 1998இல் தொடங்கப்பட்டு 2010இல் அறிக்கையளித்தது. பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அங்கு, குற்றத்தின் முழுக்கணக்கு முடியும்வரை உடன்படிக்கை காத்திருக்கவில்லை. உடன்படிக்கை வந்துவிட்டதென்று கணக்கும் கைவிடப்படவில்லை.

தாபா: ஒரு சொல்லின் எடை

மிட்செல் அறிக்கைக்கு மூன்று மாதம் முன்பு, 2001 ஜனவரி 21 முதல் 27 வரை, எகிப்தின் தாபாவில் இரு தரப்பும் கடைசியாக அமர்ந்தன. முந்தைய மாதம் கிளின்டன் வகுத்த வரையறைகள் அடிப்படையாயின: மேற்குக் கரையில் 94 முதல் 96 விழுக்காடு பாலஸ்தீனத்துக்கு, ஈடாக 1 முதல் 3 விழுக்காடு நிலமாற்று, எருசலேமில் அரபுப் பகுதிகள் பாலஸ்தீனத்துக்கு, யூதப் பகுதிகள் இஸ்ரேலுக்கு. அகதிகள் பற்றிய பேச்சை நபீல் ஷாஅத்தும் யோசி பெய்லினும் நடத்தினர். ஜனவரி 22 அன்று பாலஸ்தீன வரைவும், மறுநாள் இஸ்ரேலியத் தரப்பின் அதிகாரபூர்வமற்ற மறுமொழியும் எழுதப்பட்டன.

இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது மொழியாய்வாளருக்கும் பயன்தரும். பாலஸ்தீன வரைவில் 1948 பற்றிய வாக்கியத்துக்கு எழுவாய் உண்டு: மக்களை வலிந்து வெளியேற்றியதற்கும், திரும்பவிடாது தடுத்ததற்கும் அறவழியிலும் சட்டவழியிலும் தனக்குள்ள பொறுப்பை இஸ்ரேல் ஏற்கிறது என்பது அதன் சாரம். இஸ்ரேலிய மறுமொழி அகதிகளின் துயரத்துக்கும் இழப்புக்கும் வருத்தம் தெரிவிக்கிறது. அத்துயர அத்தியாயத்தை முடிப்பதில் பங்காளியாக இருக்கவும் உறுதி கூறுகிறது. ஆனால் அதில் இடப்பெயர்ச்சி போரினால் நேர்ந்தது, செய்தவர் இல்லை. ஒரு வரைவின் சொல் ‘பொறுப்பு’, மற்றதன் சொல் ‘வருத்தம்’. நடைமுறை ஏற்பாடுகளில் இடைவெளி இதைவிடக் குறைவாகவே இருந்தது. இழப்பீடு, புகலிட நாட்டில் நிலைபெறல், பாலஸ்தீன அரசுக்குச் செல்லல், வரையறுத்த அளவில் இஸ்ரேலுக்குத் திரும்பல் எனப் பல வழிகள் இரு தரப்பாலும் பேசப்பட்டன. முதல் மூன்றாண்டில் 25 ஆயிரம் பேர் என்னும் எண்கூட இஸ்ரேலியத் தரப்பின் குறிப்பில் இடம்பெற்றதாக ஐரோப்பிய ஒன்றியத் தூதர் மொராட்டினோஸ் பதிவு செய்துள்ளார்.

‘பொறுப்பு’ என்னும் சொல்லை இஸ்ரேலியர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அதை ஒப்பினால் தம் அரசின் பிறப்பே குற்றமென்றாகும், வரம்பற்ற திரும்பும் உரிமைக்கு அது கதவாகும் என்றனர். அச்சொல்லைப் பாலஸ்தீனியர் விடாததற்கும் காரணம் உண்டு. நடந்தது வெள்ளமோ நிலநடுக்கமோ அன்று என்பதை எவரேனும் சொல்ல வேண்டும் என்றனர். கஹான் ஆணையம் வகுத்த வேறுபாடு இங்கு ஒரு பாலமாயிருக்கக்கூடும். ஓர் அரசின் செயலை ஏற்பது அவ்வரசின் இருப்பை மறுப்பதாகாது என்பதற்கு இஸ்ரேலின் சொந்த நீதிமரபிலேயே சான்று இருந்தது. அதை எவரும் மேசைக்குக் கொண்டுவரவில்லை. பிப்ரவரி 6 தேர்தலில் ஷரோன் வென்றார். வரைவுகள் வரைவுகளாகவே நின்றன.

சமாதான வாய்ப்பு

2002 மார்ச் 27 அன்று நெதன்யா நகர விடுதியில் பஸ்கா விருந்தில் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் 30 பேர் இறந்தனர். மறுநாள் பெய்ரூட்டில் அரபு நாடுகள் அனைத்தும், 1967 எல்லைக்குத் திரும்பினால் இஸ்ரேலுடன் இயல்பான உறவு என்னும் திட்டத்தை ஏற்றன. அதற்கு மறுநாள் இஸ்ரேலியப் படை மேற்குக் கரை நகரங்களுக்குள் புகுந்தது. மூன்று நாள் இடைவெளியில் நிகழ்ந்த இம்மூன்றுள் நடுவிலிருந்ததை அன்று கவனித்தோர் மிகச் சிலர். பெய்லினும் யாசர் அபெத் ரப்போவும் 2003இல் கையெழுத்திட்ட ஜெனீவா ஒப்பந்தம், அரசுகளின் ஆணை பெறாதது, தாபாவின் பாடத்தைக் கற்று ஏற்பாடுகளை விரிவாக எழுதியது. 1948இன் பொறுப்பு பற்றி மௌனம் காத்தது.

அந்த மௌனம் இனியும் இயலுமா என்பதே இன்றைய வினா. 2023 அக்டோபர் 7 அன்று சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடர்ந்த போரில் காசாவில் கொல்லப்பட்டோர் 60 ஆயிரத்துக்கும் மேல் என அங்குள்ள சுகாதார அமைச்சகம் 2025இல் கணக்கிட்டது. 2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், 1967இல் கைப்பற்றிய பகுதிகளில் இஸ்ரேலின் இருப்பு சட்டத்துக்குப் புறம்பானது, விரைந்து முடிக்கப்பட வேண்டும் எனக் கருத்துரைத்தது. நாம் இங்குப் பொறுப்பு எனக் கொண்டது அது. அவ்வாண்டு நவம்பர் 21 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு, கல்லண்ட், ஹமாஸ் தளபதி தெய்ஃப் ஆகியோருக்குப் பிடியாணை பிறப்பித்தது; அது தனிமனிதர் குற்றம் பற்றியது. இரு நீதிமன்றங்களும் இரு வினாக்களைத் தனித்தனியே எடுத்துக்கொண்டமையால், ஷா ஆணையம் ஒரே அறிக்கையில் சொல்லி எவரும் கேளாத வேறுபாடு இன்று நிறுவன வடிவம் பெற்றுள்ளது. இதனை நம்பிக்கைக்குரிய மாற்றம் என்றே கருதுகிறேன், தீர்ப்புகள் நிறைவேறாத நிலையிலும்.

உள்நாட்டில் நிலை வேறு. 1973 போருக்குப் பின் சில வாரங்களில் அக்ரனாட் ஆணையத்தை அமைத்த இஸ்ரேலில், அக்டோபர் 7 பற்றி இரண்டாண்டு கடந்த பின்னும் அரசு விசாரணை ஆணையம் அமையவில்லை. 2006க்குப் பின் தேர்தலே காணாத காசாவில், தம் பெயரால் எடுக்கப்பட்ட முடிவுக்கு மக்கள் எவரிடமும் கணக்குக் கேட்க இயலவில்லை. காசா மக்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர், தாபா வரைவுகள் பேசிய அந்த 1948 அகதிகளும் அவர்தம் வழித்தோன்றல்களுமே. அக்டோபர் 7 அன்று தாக்கப்பட்ட எல்லையோரக் கிப்புட்ஸ் ஊர்களில் சமாதான இயக்கத்தில் நெடுங்காலம் உழைத்தோர் பலர் வாழ்ந்தனர். நாளை எந்த மேசையில் அகதிகள் பற்றிய வரைவு மீண்டும் எழுதப்பட்டாலும் அதன் முதற்பத்தியில் 1948க்கு ஒரு வாக்கியமும் 2023க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு ஒரு வாக்கியமும் வேண்டியிருக்கும். இரண்டிலும் எழுவாய் யார் என்பதை இரு தரப்பும் கூடி எழுத வேண்டியிருக்கும்.